ஏழாம் நம்பர் வெளியே

ஸ்விட்ச் தகவல் சொல்லிவிட்டதாகச் சொன்னது. வயரின் போனுக்குத்தான் ஒன்றும் வந்து சேரவில்லை.

வயர் மறுபடி ஏழாம் போர்ட்டில் செருகியிருந்த கேபிளைப் பிடுங்கினார். பச்சை விளக்கு அணைந்தது. திரையில் 'ஏழாம் இணைப்பு துண்டிக்கப்பட்டது. தகவல் அனுப்பியாயிற்று' என்று ஒரு வரி ஓடியது. வயர் போனை எடுத்துப் பார்த்தார். குலுக்கிப் பார்த்தார். ஜன்னல் பக்கம் நீட்டிப் பார்த்தார். போன் கல் மாதிரி இருந்தது.

"வயரு! என் நெட்டு போச்சுய்யா!"

பக்கத்து அறையிலிருந்து மேனேஜரின் குரல் மட்டும் எந்தத் தடங்கலும் இல்லாமல் வந்து சேர்ந்தது.

"டெஸ்ட் பண்றேன் சார்!"

"என்னை வெச்சா டெஸ்ட் பண்றது?"

வயர் கேபிளைத் திரும்பச் செருகினார்.

அந்த மெத்தைக் கம்பெனியில் அவரை எல்லோரும் வயர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் உயரம், ஒல்லி, தோளில் எப்போதும் ஒரு சுருள் கேபிள். கோபம் வராது. பேச்சும் சுலபத்தில் வராது. கேட்ட கேள்விக்கு ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தைக்கு முன்னால் ஒரு தொண்டைக் கனைப்பு. கம்பெனியின் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அதற்கான பெட்டிதான் இந்த ஸ்விட்ச். சுவரில் விளக்குப் போடும் சமாசாரம் இல்லை. எல்லாக் கேபிள்களும் வந்து சேருகிற, கண்கள் மினுக்கும் ஒரு நீளமான இரும்புப் பெட்டி. எந்தக் கேபிள் உயிரோடு இருக்கிறது, எது போய்விட்டது என்பது அதற்கு அத்துப்படி.

போன வாரம் பில் போடும் கவுண்ட்டர்கள் மொத்தமும் காலை முழுக்கச் செத்துக் கிடந்தன. விஷயம் முதலாளிக்குத் தெரிந்தது, வாட்ச்மேனுக்குத் தெரிந்தது, மெத்தை வாங்க வந்தவர்களுக்குத் தெரிந்தது. வயருக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது.

"அவ்வளவு பெரிய பெட்டி வாங்கி வெச்சிருக்கோம். ஒரு லைன் செத்தா வாயைத் திறந்து சொல்லாதா?" என்று மேனேஜர் கேட்டார்.

"சொல்லும் சார்."

"யார்கிட்ட சொல்லும்?"

"நாம யார்கிட்ட சொல்லச் சொல்றோமோ அவங்ககிட்ட."

"அப்போ இத்தனை நாளா யார்கிட்ட சொல்லிட்டிருந்துச்சு?"

வயர் தொண்டையைக் கனைத்தார். அதோடு சரி. வாங்கிய நாளிலிருந்து அந்த வசதியை யாருமே திறந்து பார்க்கவில்லை என்பதை எப்படிச் சொல்வது?

திறந்து பார்த்தார். அந்தத் தொழிலில் இந்த மாதிரி தகவலுக்கு 'டிராப்' என்று பெயர். டிராப் என்றால் பொறி. யார் அதில் மாட்டிக்கொள்வார்கள் என்பதைப் பெயர் வைத்தவர்கள் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். ஏற்பாடு எளிமையானதுதான். ஏதாவது ஒரு கேபிள் போனால் ஸ்விட்ச் அதைச் சர்வர் கம்ப்யூட்டரிடம் சொல்லும். சர்வர் அதை மெசேஜாக மாற்றி வயரின் போனுக்கு அனுப்பும். 'தகவல் யாருக்கு?' என்ற கட்டத்தில் தன் நம்பரைத் தட்டினார். அவ்வளவுதான். ஆனால் வரவில்லை.

ஒருவேளை மெசேஜ் புரியாத குறியீடாக இருப்பதால் எங்காவது வழியில் தூக்கிப் போட்டுவிடுகிறார்களோ என்று அவருக்குப் பட்டது. சரி, மனுஷர்கள் எழுதுகிற மாதிரி எழுதிவிடலாம். ஒவ்வொரு போர்ட்டுக்கும் அதன் கேபிளின் மறுமுனையில் உட்கார்ந்திருப்பவரின் பெயரையே வைத்தார். ஏழு, மேனேஜர். பன்னிரண்டு, முதலாளி. லைன் போனால் 'விழுந்துடுச்சு' என்றும் திரும்பி வந்தால் 'எழுந்துடுச்சு' என்றும்தான் தொழிலில் பேசிக்கொள்வார்கள். 'மேனேஜர் விழுந்தது' என்று எழுத மட்டும் கை வரவில்லை. மரியாதைக்கு 'விழுந்தார்' என்று போட்டார். கடைசியில், யார் அனுப்பியது என்று தெரிவதற்காக, 'வயர்' என்று கையெழுத்தும் வைத்தார்.

பிறகு ஏழாம் கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினார். போன் அசையவே இல்லை. வெறுத்துப்போய் டீ குடிக்கப் போனார்.

அவர் தட்டியது அவருடைய நம்பர்தான். அதில் சந்தேகமே இல்லை. பல வருஷமாக விரல்களுக்கு மனப்பாடமாகிப்போன நம்பர். என்ன, கம்பெனி அவருக்குப் புது நம்பரோடு புது போன் கொடுத்தபோது, அந்தப் பழைய போனை நம்பரோடு தன் மாமியாரிடம் கொடுத்திருந்தார். இது மூளைக்குத் தெரியும். விரல்களுக்கு யாரும் சொல்லவில்லை.

மாமியார் ஓய்வு பெற்ற பி.டி. டீச்சர். பிள்ளைகளை வெயிலில் ஓட விட்டு, விழுந்தால் தூக்கி நிறுத்தி, மறுபடி ஓட விட்டே காலம் கழித்தவர். அவர் சாதாரணமாகப் பேசினாலே மைதானத்தின் மறுகோடியில் நிற்பவன் திரும்பிப் பார்ப்பான். சமீபத்தில்தான் மகள் வீட்டோடு வந்து தங்கியிருந்தார். மகள், அதாவது வயரின் மனைவி, ஆஸ்பத்திரியில் நர்ஸ். பாதி நாள் மாலை ஷிப்ட். ஆகவே மாலை நேரங்களில் வீட்டில் மாமியாரும் மருமகனும் மட்டும். அவர்களுக்குள் நடக்கும் உரையாடல் இதுதான்:

"சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை?"

"ஆச்சு அத்தை."

அப்படிப்பட்ட மாப்பிள்ளையிடமிருந்துதான் அன்றைக்கு மெசேஜ் வந்தது. அதற்கு முன் வந்த புரியாத குறியீடுகளை அத்தை விளம்பரம் என்று ஒதுக்கியிருந்தார்; இதில் மாப்பிள்ளையின் ஆபீஸ் பெயரே இருந்தது. 'மேனேஜர் விழுந்தார். – வயர்.' அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்து முடிப்பதற்குள், 'மேனேஜர் எழுந்தார்.' அப்பாடா என்றார். 'மேனேஜர் விழுந்தார்.' ஐயோ என்றார். 'எழுந்தார். விழுந்தார். எழுந்தார். விழுந்தார்.' அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை.

அத்தைக்கு உட்கார முடியவில்லை. மாப்பிள்ளையைக் கூப்பிட்டால், பாவம், அவர் மேனேஜரைப் பிடித்துக்கொண்டிருப்பார். பழைய போனில் 'ஆபீஸ்' என்று ஒரு நம்பர் இருந்தது. அதை அழுத்தினார்.

"வணக்கம், மெத்தை கம்பெ..."

"மேனேஜருக்குத் தலையில அடியா, காலிலயா?" என்றார் அத்தை.

ரிசப்ஷனில் இருந்த பெண் ரிசீவரைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். "யாருங்க பேசறது?"

"யார் பேசினா என்ன? மனுஷன் அத்தனை தடவை விழுந்து எழுந்திருக்கார், பேர் கேட்டுட்டு உக்காந்திருக்கியா? ஓடு! மல்லாக்கப் படுக்க வெச்சு காலைத் தூக்கி வை. வீங்கியிருந்தா ஐஸ். சுத்தி நின்னு வேடிக்கை பார்க்கிறவங்களை விரட்டு. ம், கிளம்பு!"

போன் வைக்கப்பட்டது. அந்தக் குரலுக்குக் கீழ்ப்படியாமல் இருக்கப் பள்ளிக்கூடம் போகாதவர்களால்தான் முடியும். ரிசப்ஷன் பெண் ஓடினாள். மேனேஜர் அறை காலி. பில் கவுண்ட்டரில் இல்லை. கிடங்கில் இல்லை. ஷோரூமில் எட்டிப் பார்த்தாள். கடைசி வரிசையில், விலை அதிகமான மெத்தை ஒன்றின் மேல், மேனேஜர் கண்ணை மூடி மல்லாந்து கிடந்தார்.

அவள் போட்ட அலறலில் மேனேஜர் நிஜமாகவே கட்டிலிலிருந்து விழுந்தார்.

மதிய உணவுக்குப் பின் கொஞ்ச நேரம் மெத்தையின் தரத்தைப் பரிசோதிப்பது மேனேஜரின் நெடுநாள் வழக்கம். அதை அவர் யாரிடமும் சொல்ல முடியாது. சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. "சார் மயக்கம் போட்டு விழுந்துட்டார்" என்று யாரோ சொன்னார்கள். தூங்கினேன் என்பதைவிட விழுந்தேன் என்பது கௌரவமாக இருந்ததால், மேனேஜர் லேசாக முனகினார். அதற்குள் அவர் வீட்டுக்குத் தகவல் போய், அவர் மனைவி கழுத்துப்பட்டை, முட்டிப்பட்டை, இடுப்புப்பட்டை மூன்றோடும் வந்து இறங்கிவிட்டார்.

"எது அடின்னு சொல்லலையே, அதான் எல்லாத்தையும் எடுத்துட்டு வந்தேன்" என்று சொல்லிக் கழுத்துப்பட்டையை முதலில் மாட்டினார். மேனேஜரின் தாடை வானம் பார்த்தது.

சாயங்காலம் அவர் வயரைக் கூப்பிட்டார். தலையைத் திருப்ப முடியாததால் உடம்போடு திரும்பினார்.

"நான் விழுந்து விழுந்து எழுந்திருக்கேன்னு எவனோ கிளப்பி விட்டிருக்கான். யாருன்னு கண்டுபிடி."

விழுந்து எழுந்த கணக்கு வயருடைய கேபிளின் கணக்கு. அப்படியென்றால் மெசேஜ் யாருக்கோ போயிருக்கிறது! ஓடிப்போய் 'தகவல் யாருக்கு?' கட்டத்தைத் திறந்தார். ஒவ்வோர் எண்ணாக விரல் வைத்துப் பார்த்தார். தன் நம்பர்தான். நடுவில் யாரோ தன் மெசேஜைத் திருட்டுத்தனமாகப் படிக்கிறார்கள் என்ற முடிவுக்கு வந்தார். யார் படித்தாலும் பதறாதபடி வார்த்தைகளை மாற்றிவிட்டால் போயிற்று. 'விழுந்தார்' என்பதை 'வெளியே போனார்' என்று ஆக்கினார். 'எழுந்தார்' என்பது 'உள்ளே வந்தார்' ஆயிற்று.

அன்று மாலை வீட்டில் அத்தை வழக்கத்தைவிட ஒரு கேள்வி அதிகம் கேட்டார்.

"சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை?"

"ஆச்சு அத்தை."

"உங்க மேனேஜர் இப்போ பரவாயில்லையா?"

வயர் தொண்டையைக் கனைத்தார். மேனேஜரின் மனைவி மூலமாக ஊரெல்லாம் பரவிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

"பரவாயில்லை அத்தை."

"நீங்கதான் பக்கத்துல இருந்து பார்த்துக்கணும். உங்க மாதிரி பொறுமைசாலிங்கதான் அதுக்கு லாயக்கு."

வயர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அத்தையும் சேர்ந்து பார்த்தார். பேச்சு அத்துடன் முடிந்தது.

அடுத்த நாள் முதலாளி வந்தார். அவருடைய அறைக் கேபிளும் மேனேஜரின் கேபிளும் பெட்டிக்குப் பின்னால் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. முதலாளி தன் லேப்டாப்பைக் கேபிளில் மாட்டி இழுக்கும்போதெல்லாம் மேனேஜரின் கேபிள் அசைந்து தொடர்பு விட்டுப்போகும். ஆகவே அத்தையின் போனில் வரிசையாக வந்தது இதுதான்: 'முதலாளி உள்ளே வந்தார். மேனேஜர் வெளியே போனார்.'

அத்தைக்கு முகம் சுருங்கியது. இப்படி எத்தனை பேரைப் பார்த்திருப்பார்! டீச்சர் மைதானத்துக்குள் வந்ததும் பின்பக்கக் கேட் வழியாக நழுவுகிற ஜாதி. என்ன இருந்தாலும் மாப்பிள்ளையின் மேனேஜர்; மாட்டிக்கொள்ள விடக் கூடாது. ஆபீஸைக் கூப்பிட்டு, "மேனேஜர்கிட்ட கொடு" என்றார். ரிசப்ஷன் பெண் குரலை அடையாளம் கண்டு, மறு பேச்சில்லாமல் கொடுத்தாள்.

"ஹலோ" என்றார் மேனேஜர், கழுத்துப்பட்டையோடு, தன் நாற்காலியில் அமர்ந்தபடி.

"சார், எங்கே இருக்கீங்க? முதலாளி உள்ளே வந்துட்டார். சத்தம் போடாம சீட்டுக்குப் போயிடுங்க."

"நான் சீட்லதானே இருக்கேன்!"

"என்கிட்டயே கதை விடாதீங்க. நீங்க வெளியே போனது எனக்குத் தெரியும். நேத்தே மயக்கம் போட்டு விழுந்த ஆள், இப்படி ஊர் சுத்தலாமா? இனிமே இப்படிப் பண்ணினா நானே முதலாளிகிட்ட சொல்லிடுவேன்."

மேனேஜர் ரிசீவரை வைத்தார். ஜன்னலைச் சாத்தினார். திரைச்சீலையை இழுத்தார். மேலே விட்டத்தில் கேமரா இருக்கிறதா என்று பார்த்தார். கழுத்துப்பட்டை இருந்ததால் அது மட்டும் சுலபமாக இருந்தது. பிறகு வயரைக் கூப்பிட்டார்.

"உண்மையைச் சொல்லு. என்னை வேவு பார்க்க உன்னை ஏற்பாடு பண்ணினது முதலாளிதானே?"

"இல்லை சார்."

"அந்தப் பெட்டியில நீ கையை வெச்ச நாளிலிருந்து நான் நின்னா ஒருத்தி போன் பண்றா, உக்காந்தா போன் பண்றா! நாளைக்கு முதலாளி ரூம்ல பேசிக்கலாம். ஒண்ணு அந்தப் பெட்டி இங்கே இருக்கணும், இல்லேன்னா நான் இருக்கணும். நீ எப்படியும் இருக்க மாட்டே."

வயர் தன் அறைக்கு வந்து உட்கார்ந்தார். வேலை போய்விடும் என்பதைவிட, தன்னால் ஒரு மனிதர் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான் அவருக்கு வருத்தமாக இருந்தது. யார் அந்த ஒருத்தி? எங்கிருந்து படிக்கிறாள்? பெயர்கள் இருப்பதால்தானே வம்பு? பெயர்களை எல்லாம் எடுத்துவிட்டார். இனிமேல் வெறும் எண்தான். '7 வெளியே.' '12 உள்ளே.' இதைப் படித்து யாரால் என்ன புரிந்துகொள்ள முடியும்?

அத்தையால் முடிந்தது.

'7 வெளியே. 12 உள்ளே. – வயர்.' இதைப் படித்ததும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. வாழ்நாள் முழுக்கக் கோட்டுக்கு வெளியே நின்று இதையேதான் அவர் கத்திக்கொண்டிருந்தார்! ஏழாம் நம்பர் சட்டைக்காரரை வெளியே கூப்பிட்டு, பன்னிரண்டாம் நம்பரை உள்ளே அனுப்புகிறார்கள். மாப்பிள்ளை ஆபீஸில் ஒரு டீமே ஆரம்பித்திருக்கிறார்! வாய் திறந்து சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு, ஆட்டத்தின் போக்கை மட்டும் உடனுக்குடன் அனுப்புகிறார்.

ஆனால் ஆட்டம் சரியில்லை. ஏழாம் நம்பரை உள்ளே விடுவதும் வெளியே எடுப்பதுமாகவே இருந்தார்கள். 'ஒரு ஆட்டக்காரனை இப்படியா பந்தாடுறது? அவனுக்கு மூச்சு வாங்காதா?' அடுத்த நாள் காலையில் அத்தை பொறுமை இழந்தார். கேன்வாஸ் ஷூவை மாட்டினார். துணிப்பெட்டியின் அடியிலிருந்து விசிலை எடுத்தார். ஆட்டோவைக் கூப்பிட்டார்.

முதலாளி அறையில் அப்போது விசாரணை நடந்துகொண்டிருந்தது. முதலாளி அதிகம் பேசாத, பேசுகிறவர்களை முழுக்கப் பேச விடுகிற மனிதர். மேனேஜர் நின்றபடி உத்தரத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"...ஒரு பெண் குரல் சார். அதிகாரமான குரல். நான் உள்ளே இருக்கும்போதே வெளியே இருக்கேன்னு சொல்றா. நான் நல்லா இருக்கும்போதே விழுந்துட்டேன்னு சொல்றா. இத்தனைக்கும் காரணம் இந்த வயர்!"

முதலாளி வயரைப் பார்த்தார். வயர் தொண்டையைக் கனைத்தார். எல்லோரும் காத்திருந்தார்கள். கனைப்போடு சரி.

கதவு திறந்தது. "ஏழாம் நம்பர் யாரு இங்கே?" என்று ஒரு குரல் கேட்டது.

"இதே குரல்தான் சார்!" என்று மேனேஜர் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"அத்தை!" என்றார் வயர்.

"மாப்பிள்ளை, கோவிச்சுக்காதீங்க. நீங்க அனுப்பினது எல்லாத்தையும் ஒண்ணு விடாம படிச்சேன். ஏழாம் நம்பரை நீங்க நடத்துற விதம் எனக்குப் பிடிக்கலை. அதை நேர்ல சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

அத்தை பழைய போனை நீட்டினார். வயர் அந்தப் போனைப் பார்த்தார். பிறகு தன் விரல்களைப் பார்த்தார். எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. வாழ்க்கையிலேயே முதல்முறையாக அவர் நீளமாகப் பேசினார். கேபிள், நம்பர், விழுந்தார், வெளியே போனார், பன்னிரண்டு என்றால் முதலாளி, எல்லாவற்றையும் சொன்னார். முதலாளி மேசைக்கு அடியில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார். அவர் தோள்கள் குலுங்கின.

"அப்போ ஏழாம் நம்பர்..." என்றார் அத்தை.

"நான்தான்" என்றார் மேனேஜர் பரிதாபமாக.

அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்போது அவர் கையிலிருந்த போன் அதிர்ந்தது. நிற்காமல் அதிர்ந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

"பத்தொன்பது வெளியே. இருபது வெளியே. இருபத்தொண்ணு வெளியே. என்ன மாப்பிள்ளை இது, ஒருத்தரும் உள்ளே வரலையே?"

வயர் ஓடினார். அந்த மூன்று எண்களும் பில் கவுண்ட்டரின் கடைசி வரிசை. அதற்குப் பின்னால் ஒரு மெல்லிய பலகைச் சுவர்; அந்தப் பக்கம் கூரை வரை அடுக்கிய பஞ்சும் ஃபோமும். ஒரு கேபிள் போனால் கேபிளில் கோளாறு. பக்கத்துப் பக்கத்து மேசைகள் வரிசையாகப் போனால் கோளாறு கரண்ட்டில்.

மேசைக்கடியில் எக்ஸ்டென்ஷன் போர்டு உருகிப் புகைந்துகொண்டிருந்தது. சின்னதாக ஒரு நெருப்பு நாக்கு பலகைச் சுவரை எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தது. வயர் மெயினை அணைத்தார். மேனேஜர் மூலையிலிருந்த சிவப்பு சிலிண்டரோடு ஓடி வந்தார். கழுத்துப்பட்டையோடு கீழே குனிய முடியவில்லை. அதைப் பிய்த்து எறிந்துவிட்டு மண்டியிட்டு அடித்தார். வெள்ளை நுரையில் இருவரும் பனிமனிதர்கள் ஆனார்கள். பின்னால் கூட்டம் அலறிக்கொண்டு ஒரே வாசலில் முட்டியபோது ஒரு விசில் சத்தம் கட்டடத்தையே நிறுத்தியது.

"ஒரே வரிசை! தள்ளாதே! கையை வீசி நட! ஏய் நீலச்சட்டை, யாரு பையை எடுக்கச் சொன்னது? வெளியே!"

வாடிக்கையாளர்கள், தையல்காரர்கள், வாட்ச்மேன், முதலாளி உட்பட எல்லோரும் வரிசையாக, கையை வீசி, வெளியே போய் உயரப்படி நின்றார்கள்.

புகை அடங்கிய பிறகு முதலாளி கருகிப்போன போர்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். பலகைச் சுவரைப் பார்த்தார். அதற்கு அப்பாலிருந்த ஃபோம் மலையைப் பார்த்தார். வேர்த்த நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"பெட்டியும் இருக்கட்டும், மேனேஜரும் இருக்கட்டும், நீயும் இரு" என்றார் வயரிடம். பிறகு மேனேஜர் பக்கம் திரும்பி, "கழுத்து எப்படி இருக்கு?" என்றார்.

மேனேஜர் தலையை நாலா பக்கமும் திருப்பிக் காட்டினார். "அதிசயமா இருக்கு சார்."

அன்று ஆட்டோவில் இருவரும் சேர்ந்தே வீட்டுக்குப் போனார்கள். அத்தை விசிலைக் கைக்குள் மூடி வைத்தபடி வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பாதி வழியில் திரும்பிக் கேட்டார்.

"அப்போ அதெல்லாம் நீங்க எனக்கு அனுப்பினது இல்லையா மாப்பிள்ளை?"

"இல்லை அத்தை. அந்தப் பெட்டிதான் அனுப்புச்சு."

"ஓ" என்றார் அத்தை. முகம் வாடிவிட்டது. திரும்பவும் வெளியே பார்த்தார்.

அந்த 'ஓ' வயருக்குள் எங்கோ போய்க் குத்தியது. எவ்வளவு தனிமையாக இருந்தால் ஒரு இரும்புப் பெட்டி அனுப்பிய மெசேஜுக்காக இந்த அம்மா இவ்வளவு ஏங்கியிருப்பார்! மறுநாள் ஆபீஸுக்குப் போனதும் 'தகவல் யாருக்கு?' கட்டத்தைத் திறந்தார். புது நம்பரைச் சேர்த்தார். பழைய நம்பரை அழிக்க விரலைக் கொண்டுபோய், அழிக்காமல் எடுத்துவிட்டார். இருந்துவிட்டுப் போகட்டும்.

அன்றிலிருந்து மாலைகள் மாறிப்போயின.

"மாப்பிள்ளை, இன்னிக்குப் பதினாலு வெளியே போயிட்டு வந்துச்சே, ஏன்?"

வயர் தொண்டையைக் கனைப்பார். பிறகு சொல்ல ஆரம்பிப்பார். களைத்துப்போய் வந்த நாட்களில்கூட, பாவம் ஆசையாகக் கேட்கிறாரே என்று, மேசையில் தண்ணீரால் கோடு போட்டு ஸ்விட்ச் எப்படிப் பேசும், சர்வர் எப்படிக் கேட்கும் என்பதை விளக்குவார். அத்தை கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்பார். "அப்படியா!" என்பார். "அப்புறம்?" என்பார். வயர் பதினாலிலிருந்து மேனேஜருக்குப் போவார், மேனேஜரிலிருந்து தான் படித்த காலத்துக்குப் போவார். ஷிப்ட் முடிந்து வந்த மனைவி வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே இருவரையும் பார்த்துச் சிரிப்பாள்.

"அத்தைக்கு நம்மளை விட்டா யாரு இருக்கா?" என்று வயர் அவளிடம் தணிந்த குரலில் சொல்வார். "நான் கொஞ்ச நேரம் பேசினா அவங்களுக்கு ஒரு ஆறுதல்." அவள் வேகமாக முகம் கழுவப் போய்விடுவாள்.

அந்த வாரக் கடைசியில் வயர் ரிசப்ஷன் மேசைக்கடியில் குனிந்து கேபிள் மாற்றிக்கொண்டிருந்தார். ரிசப்ஷன் பெண் அப்போதுதான் அத்தையோடு பேசி முடித்திருந்தாள்; தீ அணைந்த நாளிலிருந்து இருவரும் தினமும் போனில் பேசிக்கொள்கிற அளவுக்குச் சிநேகிதமாகிவிட்டார்கள்.

"அத்தைக்கு இன்னும் கொஞ்சம் அதிகமா மெசேஜ் போற மாதிரி மாத்திடலாமான்னு பார்க்கிறேன்" என்றார் வயர், மேசைக்கடியிலிருந்து. இப்போதெல்லாம் அவர் கேட்காமலேயே பேசுகிறார். "தனியா இருக்கிறவங்க. பேச்சுத்துணைக்கு வேற ஆளில்லை. எனக்கு அலுப்பாதான் இருக்கும், ஆனா அவங்க முகம் மலர்றதைப் பார்த்தா விட மனசு வரலை."

ரிசப்ஷன் பெண் பொங்கி வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"ஐயோ, வேண்டாம் சார்! ஊர்ல அவங்களோட காலையில ஓடுற பட்டாளமே, எப்போ திரும்பி வருவீங்கன்னு போன் மேல போன் போட்டுட்டு இருக்காம். 'பொண்ணு அழுது கெஞ்சினாளேன்னு மாப்பிள்ளைக்குப் பேச்சுத்துணையா வந்தேன், அந்தப் பெட்டியைப் பத்திக் கேட்டாத்தான் அவர் வாயே திறக்குது, ஒரு எழவும் புரியலைன்னாலும் முகம் மலருதே, விட்டுட்டுப் போக மனசு வரலை'ன்னு இப்பத்தான் என்கிட்ட சொன்னாங்க!"